காதில் பன்னிரண்டு, கழுத்தில் பதினைந்து

திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் விடியற்காலையில், சங்கத்துக்குப் பால் கொண்டுபோகும் நேரத்தில் தொழுவத்தை எட்டிப் பார்த்தால், மாட்டின் காதில் மஞ்சள் வில்லை ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். அதில் 12 இலக்க எண். அரசின் கணினிப் பதிவேட்டில் அந்த எண்ணைத் தட்டினால் மாடு யாருடையது, என்ன இனம், எப்போது கோமாரி ஊசி போட்டது என்ற விவரமெல்லாம் வரும். மாடு செத்துக் காப்பீட்டுப் பணம் கேட்கப் போனால், முதல் கேள்வியே ‘காதுவில்லை எங்கே?’ என்பதுதான். கருத்தடை செய்த தெருநாய்க்குக்கூட அடையாளமாகக் காது நுனியில் சிறு வெட்டு உண்டு. திண்ணையில் படுத்திருக்கும் வீட்டு நாய்க்கு மட்டும் ஒன்றும் கிடையாது. தெரு முழுக்க அதை மணி என்று கூப்பிடும். நாலு தெரு தள்ளிப் போய்விட்டால் அது யாரோ வீட்டு நாய்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் ஓட, ரயில்கள் நின்றன. அப்படிப்பட்ட இரவில் கட்டை அவிழ்த்துவிடுவதுதான் வளர்த்தவர் செய்யக்கூடிய ஒரே உபகாரம். கட்டிப்போட்ட பிராணி கட்டிய இடத்திலேயே மூழ்கிவிடும். அவிழ்த்துவிட்ட நாயோ மேடு தேடி ஓடும். தண்ணீர் வடிந்த பிறகு மூன்று ஊர் தாண்டி ஒரு வாசலில் போய் நின்றால், அது யாருடையது என்று யார் சொல்வது?

மைக்ரோசிப் இந்த இடத்துக்குத்தான் வருகிறது. நீளம் சுமார் 12 மில்லிமீட்டர், தடிமன் 2 மில்லிமீட்டர். நீள அரிசி ஒன்றைக் கண்ணாடிக்குள் அடைத்ததுபோல் இருக்கும். தடுப்பூசி போடும் ஊசியைவிடச் சற்றே பருத்த ஊசியால், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே தோலுக்கு அடியில் செலுத்திவிடுவார்கள். மயக்கமருந்து தேவையில்லை. உள்ளே பேட்டரி கிடையாது. அதனால் தீர்ந்துபோகவும் எதுவும் இல்லை. நாயின் ஆயுள் முழுக்க அப்படியே கிடக்கும். ஸ்கேனரைக் கழுத்தின் பின்புறம் மெல்ல நகர்த்தும்போது, அதிலிருந்து வரும் ரேடியோ அலையையே சக்தியாக எடுத்துக்கொண்டு சிப் விழித்துத் தன் 15 இலக்க எண்ணைச் சொல்லும். ஸ்கேனர் ‘பீப்’ என்று கத்தும். அவ்வளவுதான் அதன் பேச்சு. சில நேரம் சிப் தோள்பக்கம் சரிந்திருக்கும் என்பதால், நடு முதுகில் ஒரு தடவை காட்டிவிட்டு ‘இல்லை’ என்று சொல்லிவிடக் கூடாது. இரண்டு தோளையும், முன்னங்கால் வரைக்கும் தடவிப் பார்க்க வேண்டும்.

பலர் இதை ஜிபிஎஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாய் இப்போது செஞ்சி ரோட்டில் போகிறது என்று செல்போனில் காட்டும் சங்கதி இதில் இல்லை. சில அங்குல தூரத்துக்குள் ஸ்கேனர் வந்தால்தான் எண் தெரியும். எண் தெரிந்தாலும் போதாது. அந்த எண்ணுக்கு நேராக ஒரு பதிவேட்டில் உரிமையாளர் பெயரும் போன் நம்பரும் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 53 விலங்குக் காப்பகங்களில் எடுத்த கணக்கு ஒன்று 2009-ல் வெளியானது. வழிதவறி வந்த நாய்களில் பொதுவாக 22 சதவீதம்தான் வீடு திரும்பின. சிப் இருந்தவற்றில் 52 சதவீதம். பூனைகளில் வித்தியாசம் இன்னும் பெரிது: 2 சதவீதத்துக்கும் கீழே இருந்தது, சிப் உள்ளவற்றில் 38-ஐத் தாண்டியது. சிப் இருந்தும் உரிமையாளர் கிடைக்காமல் போனதற்கு அதிகம் சொல்லப்பட்ட காரணம்தான் கவனிக்க வேண்டியது. பதிவேட்டில் இருந்த போன் நம்பர் தப்பு, அல்லது அந்த இணைப்பே இப்போது இல்லை. ஆஃபருக்கு ஆஃபர் சிம் மாற்றுகிற நம் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் நாய்க்குச் சிப் 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம், பூனைக்கு 2024 ஜூனிலிருந்து. சிங்கப்பூரிலும் 2024 செப்டம்பரில் பூனைக்கு உரிமமும் சிப்பும் வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். சென்னை மாநகராட்சி 2025-ல் வளர்ப்பு நாய்க்கு உரிமத்தோடு சிப்பையும் சேர்த்து, தவறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. முகாம்களில் கூட்டம் நெரிய, நவம்பர் கெடு டிசம்பருக்குத் தள்ளிப்போனது.

விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே சிப்பை நன்றாக அறிந்த இடம் ஒன்று உண்டு: வானூர் வட்டத்தில் உள்ள ஆரோவில். இங்கே எடுத்து வளர்த்த நாயோடு ஐரோப்பாவுக்குத் திரும்புகிறவருக்கு வரிசை முக்கியம். முதலில் சிப், அதற்குப் பிறகே வெறிநோய்த் தடுப்பூசி. முன்பே ஊசி போட்டிருந்தால் அது கணக்கில் சேராது. ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருப்பு. டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினால் வேலைக்காகாது.

வெளிநாடு போகாதவருக்கும் சிப் பயன்தான்; ‘இது என் நாய்’ என்று இரண்டு பேர் மல்லுக்கு நிற்கும்போது அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடக் கூடாது. நாயை முதலில் பார்க்கப்போவது டீக்கடைக்காரரோ ஆட்டோ ஓட்டுநரோதான்; அவர் கையில் ஸ்கேனர் இருக்காது, போன் இருக்கும். பட்டையில் பெரிய எழுத்தில் நம்பர் பொறித்திருந்தால் அங்கேயே காரியம் முடிந்தது. சிப் போடும்போதே எந்தப் பதிவேட்டில் ஏற்றினார்கள், நம்பரை மாற்ற யாரிடம் சொல்ல வேண்டும், பக்கத்தில் ஸ்கேனர் எங்கே இருக்கிறது என்று மூன்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

காணாமல் போனால்? விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ஐந்து பக்கம் தண்டவாளம் பிரிவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, நாயோ பூனையோ எங்கோ தொலைதூரம் போயிருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். பூனை விஷயத்தில் இது பெரும்பாலும் பிசகு. காணாமல் போன பூனைகளைப் பற்றி 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், கிடைத்தவற்றில் முக்கால்வாசி, தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்தன. அதிகம் பலித்த வழி, கால்நடையாகப் போய்த் தேடியதுதான். பயந்த பூனை கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது. தீபாவளி ராத்திரி வெடிச் சத்தம் ஓய்ந்த பிறகு, டார்ச்சோடு பக்கத்து வீட்டு மாடிப்படிக்கு அடியில், நிறுத்தி வைத்த லாரிக்குக் கீழே, விறகு அடுக்கின் இடுக்கில் பார்க்க வேண்டும். வெளிச்சம் பட்டால் முதலில் மின்னுவது இரண்டு கண்கள்.