ஹம்முக்கும் ஒரு சுருதி உண்டு: பழைய பேஸ் கிட்டார், பழைய ஆம்ப் பற்றிய குறிப்புகள்

"அண்ணா, ஆம்ப் சூப்பரா இருக்கு. ஆனா பாடறதுக்கு மைக்ல வாய் வச்சா உதடு சுள்ளுனு இழுக்குதுண்ணா. பரவால்லையா?"

சில வருஷங்களுக்கு முன் ஒரு ராத்திரி வந்த போன் இது. பேசியவன் இங்கே திருவண்ணாமலையில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிற தம்பி. அந்த ஆம்ப்பை அவனுக்கு விற்றவன் நான். "பரவால்லையா" என்று அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "உடனே பிளக்கைப் பிடுங்குடா, மறுபடி தொடாதே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அன்று கற்றதை எழுதத்தான் இந்தப் பதிவு. ஆனால் அந்த இடத்துக்கு வர, பழைய பேஸும் ஆம்ப்பும் எப்படி வேலை செய்கின்றன என்று முதலில் பார்த்துவிடுவோம்.

நம்ம ஊரில் எங்கிருந்து வருகிறது?

எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார் வயதில் சின்னது. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். அதில் ஃப்ரெட் கிடையாது, சுருதி முழுக்க விரலின் பொறுப்பு. ஃபெண்டர் ஃப்ரெட் போட்டார், சுருதி துல்லியமாக விழுந்தது. பிரிசிஷன் என்ற பெயரே அதனால்தான். 1960-இல் ஜாஸ் பேஸ் வந்தது. இன்று நம் கைக்கு வரும் பெரும்பாலான பேஸ்கள் இந்த இரண்டின் பேரன் பேத்திகள்தான்.

தமிழ்க் காதுக்கு பேஸைப் பழக்கியது இளையராஜா. 1976-இல் அன்னக்கிளியோடு அவர் வந்த பிறகு, பின்னணியில் தம்தம் என்று கிடந்த பேஸ் தனியாக ஒரு மெட்டு பாட ஆரம்பித்தது. அந்தப் பாட்டுகளில் பேஸ் வாசித்த சசிதரன், பிறகு ஏ.ஆர்.ரஹ்மானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸ், இந்த இரண்டு பேரும் நம்மில் பலருக்குப் பெயர் தெரியாமலே பிடித்துப்போனவர்கள். என்னை மாதிரி எண்பதுகளில் டேப் ரெக்கார்டரில் பாட்டு கேட்டு வளர்ந்தவன் நாற்பது வயதில் பேஸ் வாங்க அலைவதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டியதில்லை.

புதுசு வேண்டுமென்றால் சென்னை அண்ணா சாலையில் 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் போன்ற கடைகள் இருக்கின்றன. பழசு நம்ம ஊருக்கு மூன்று வழியாக வருகிறது. ஒன்று, கலைந்துபோன மெல்லிசைக் குழுக்கள். இரண்டு, தொழிலை விட்ட சவுண்ட் சர்வீஸ்காரர்கள். மூன்றாவது இந்த ஊருக்கே உரியது. குளிர்காலத்தில் செங்கம் ரோடு பக்கம் வந்து தங்கும் வெளிநாட்டவர்கள் ஊர் திரும்பும்போது சுமை வேண்டாமென்று விட்டுப்போவது.

முதலில் கழுத்தைப் பாருங்கள்

பழைய பேஸில் பெயின்ட் உரிந்திருந்தால் கவலை வேண்டாம். பார்க்க வேண்டியது கழுத்து, அதாவது நெக். நான்கு கம்பிகளையும் சுருதி சேர்த்தால் மொத்த இழுவிசை சுமார் 75 முதல் 80 கிலோ. ஒரு ஆள் இரவும் பகலும் அதில் தொங்குகிற மாதிரி. அதைத் தாங்குவதற்கு நெக்கின் உள்ளே ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி ஓடுகிறது.

சோதனை எளிது. தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலாலும், நெக் உடலோடு சேரும் இடத்தில் இன்னொரு விரலாலும் அழுத்துங்கள். நடுவில், எட்டாவது ஃப்ரெட் பக்கம், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நல்லது. நிறைய இருந்தால் நெக் முன்னால் வளைந்திருக்கிறது, இடைவெளியே இல்லையென்றால் பின்னால். இரண்டையும் ட்ரஸ் ராட் நட்டைத் திருகிச் சரிசெய்யலாம். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். நட்டு இறுகிப்போய் அசையவே இல்லை, அல்லது அதன் முனை தேய்ந்து சாவி வழுக்குகிறது என்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் "யோசிச்சு சொல்றேன் சார்" என்று கிளம்பிவிடுவது உத்தமம்.

நம்ம ஊர் வெயிலுக்கு இன்னொரு சோதனை. நெக்கின் ஓரத்தில் உள்ளங்கையை மெதுவாக ஓட்டுங்கள். சின்னச் சின்ன ஊசிகள் மாதிரி குத்தினால், மரம் ஈரம் இழந்து சுருங்கியிருக்கிறது, உலோக ஃப்ரெட்டுகள் அப்படியே நிற்கின்றன என்று அர்த்தம். ஈரமான ஊரிலிருந்து வந்து ஒரு சித்திரை, வைகாசியை இங்கே கழித்த பேஸ்களில் இதைப் பார்த்திருக்கிறேன். நைஸான அரம் வைத்துத் தேய்த்தால் போயிற்று. விலை பேச மட்டும் இது உதவும்.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. நாபைத் திருகும்போது கரகரவென்றால் உள்ளே கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போதும். ஜாக் லூஸ் என்றால் ஸ்பேனரும் சால்டரிங் அயர்னும் போதும். ஆக்டிவ் பேஸ் என்றால் உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கும். அது கசிந்து பச்சை பூத்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள். கம்பிகள் மந்தமாக ஒலித்தால் பத்து நிமிஷம் வெந்நீரில் கொதிக்கவைத்து, துளி ஈரமில்லாமல் காயவைத்துத் திரும்பப் போடலாம். கொஞ்ச நாளைக்கு உயிர் வரும். வீட்டில் எந்தப் பாத்திரத்தில் கொதிக்கவைக்கிறீர்கள் என்பது உங்கள் பாடு.

இரைச்சலைக் கேட்டு நோயைச் சொல்வது

இப்போது ஆம்ப்புக்கு வருவோம். வாங்குபவர் எல்லாரும் சொல்லும் முதல் குறை "ஹம் அடிக்குது". ஆனால் என்ன ஹம் என்று யாரும் கேட்பதில்லை. நமக்குத்தான் கையிலேயே சுருதிப்பெட்டி மாதிரி பேஸ் இருக்கிறதே!

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பேஸில் ஈ கம்பியை (தடித்த கம்பி) மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் வருவது 49 ஹெர்ட்ஸ். மெல்லிய ஜி கம்பியைச் சும்மா மீட்டினால் 98 ஹெர்ட்ஸ். இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹம், ஈ கம்பி மூன்றாவது ஃப்ரெட்டின் சுருதியை ஒட்டி இருந்தால் அது நேராக மெயின்ஸிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ். வெளியிலிருந்து புகுந்திருக்கிறது. கேபிள், பிக்கப், எர்த் இவற்றில் ஒன்றைச் சந்தேகப்படுங்கள்.

ஹம், சும்மா மீட்டிய ஜி கம்பிக்குப் பக்கத்தில், ஒரு மயிரிழை மேலே இருந்தால் அது 100 ஹெர்ட்ஸ். ஆம்ப்பின் உள்ளே ஏசியை டிசியாக மாற்றும்போது அலையின் இரண்டு பாதியும் ஒரே பக்கம் மடக்கப்படுவதால் 50 இரட்டித்து 100 ஆகிறது. அந்த மேடு பள்ளத்தை நிரப்பவேண்டியவை ஃபில்டர் கெப்பாசிட்டர்கள். அவை வயதாகி வற்றிப்போனால் மேடு பள்ளம் ஸ்பீக்கருக்கே வந்துவிடும். வால்யூமை முழுக்கக் குறைத்தும் இந்த ஹம் போகவில்லையென்றால் அனேகமாக இதுதான். சென்னை ரிச்சி தெருவில் கெப்பாசிட்டர் வாங்கி மாற்றிவிடலாம்.

இது முதல் சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. ஆனால் பத்தில் பாதி வேலையை இது மிச்சப்படுத்தும். அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அவர்கள் ஹம்மின் சுருதியே வேறு.

பேஸிலும் இதே மாதிரி ஒரு சோதனை உண்டு. கம்பியைத் தொட்டால் ஹம் குறைகிறதா? சரி, வயரிங் நன்றாக இருக்கிறது. கம்பியைத் தொட்டால் ஒன்றும் ஆகவில்லை, ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் குறைகிறதா? பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்ட் வயர் அறுந்திருக்கிறது. ஒரு சால்டர் புள்ளியில் முடிகிற வேலை. ஆனால் ஆம்ப்பின் எர்த் சரியாக இருக்கிறது என்று உறுதி செய்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். ஏன் என்று கீழே வருகிறது.

வாங்கும் முன் இன்னும் மூன்று விஷயம். பின்பக்கம் எழுதியிருக்கும் வோல்டேஜைப் படியுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட்டாகவும், ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட்டாகவும் இருக்கலாம். நம் பிளக்கில் நேராகச் சொருகினால் கதை முடிந்தது. அடுத்து, ஸ்பீக்கர் கோனை இரண்டு பக்கமும் விரல் வைத்துச் சமமாக, மெதுவாக அழுத்துங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் வாய்ஸ் காயில் போயிற்று. கிட்டார் ஆம்ப்பில் பேஸ் வாசித்துக் கெடுத்த கேஸ்கள் நிறைய. மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 ஓம் காட்டும், அது சரிதான். கடைசியாக, ரொம்ப நாள் கிடந்த ஆம்ப்பை முதல் தடவை சீரிஸ் லேம்ப் வழியாகப் போடுங்கள். நம் ஊர் ரேடியோ மெக்கானிக்குகளின் பழைய வித்தை இது. வரிசையில் ஒரு குண்டு பல்பு. பல்பு ஒரு தடவை மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். பல்பு எரியும், வீடு எரியாது.

மூடியைக் கழற்றுவது தெரிந்தவர்கள் வேலை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். வால்வ் ஆம்ப்பில் அது 400 வோல்ட்டுக்கு மேலும் இருக்கலாம்.

அந்த மூன்றாவது பின்

இனி அந்தத் தம்பியின் ஆம்ப். அதை நான் வாங்கும்போதே பிளக்கின் மேலே இருக்கவேண்டிய பெரிய பின், அதாவது எர்த் பின், வெட்டப்பட்டிருந்தது. பார்த்தேன். ஆம்ப்பில் ஹம்மே இல்லை, அருமையாக ஒலித்தது. "நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிட்டேன். ஸ்பீக்கர் துணியை மாற்றி, நாபைத் துடைத்து, அவனுக்குக் கொடுத்தேன். படித்தது பி.இ.

ஹம் இல்லாததற்குக் காரணமே அந்த வெட்டுதான். மிக்சரும் ஆம்ப்பும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு வளையம் உண்டாகி 50 ஹெர்ட்ஸ் ஹம் வரும். அந்த ஹம்மைப் போக்க யாரோ எர்த்தையே வெட்டியிருக்கிறார்கள். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைத்த மாதிரி.

ராத்திரியே போய், டெஸ்டரை ஆம்ப் சேசிஸில் வைத்தேன். எரிந்தது. மறுநாள் திறந்து பார்த்தால், மெயின்ஸ் லைனுக்கும் சேசிஸுக்கும் நடுவே இரைச்சலை வடிகட்டப் போட்டிருந்த ஒரு பழைய கெப்பாசிட்டர் கசிந்துகொண்டிருந்தது. எர்த் இருந்திருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போயிருக்கும். எர்த் இல்லாததால் வழி தேடியது. சேசிஸிலிருந்து கேபிளின் ஷீல்டு, அங்கிருந்து பேஸின் பிரிட்ஜ், கம்பி, அவன் விரல், அவன் உடம்பு, உதடு, மைக்கின் உலோக வலை, எர்த் ஆன மிக்சர். அவன் உடம்புதான் வயர்.

சுமார் 1 மில்லி ஆம்பியரில் சுருக்கென்று தெரியும். 10-ஐத் தாண்டினால் தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். அந்தக் கெப்பாசிட்டர் முழுசாக ஷார்ட் ஆகியிருந்தால் 230 வோல்ட்டும் அவன் வழியாகப் போயிருக்கும். இது பயமுறுத்தல் இல்லை. 1972-இல் பிரிட்டனில் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் லெஸ் ஹார்வி மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். 1976-இல் யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் வீட்டில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார்.

எர்த்தைச் சோதிக்க இரண்டு நிமிஷம் போதும். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை எர்த் பின்னிலும் மறு முனையை ஆம்ப்பின் வெளி உலோகத்திலும் வையுங்கள். ஏறக்குறைய பூஜ்யம் ஓம் காட்டவேண்டும். சதுரத்துக்குள் சதுரம் குறி போட்ட இரட்டை இன்சுலேஷன் கருவிகளுக்கு மட்டும் எர்த் தேவையில்லை. பந்தலில், மண்டபத்தில் வாசிப்பவர்கள் சாக்கெட்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட் அளவில் காட்டவில்லையென்றால் அந்த எர்த் பெயருக்குத்தான் இருக்கிறது. எல்லாக் கருவிகளையும் ஒரே இடத்திலிருந்து எடுத்த மின்சாரத்தில் ஓட்டினாலே பாதி ஹம் போய்விடும். மீதிக்கு, சிக்னல் கேபிளின் கிரவுண்டைப் பிரிக்கும் ஸ்விட்ச் உள்ள டிஐ பாக்ஸ் இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்ட லைன் என்றால் இன்னும் நிம்மதி.

விற்கும்போது

அந்த ஆம்ப்புக்கு மூன்று வயர் கேபிள், புது பிளக், புது கெப்பாசிட்டர் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ஹம் வந்தது, ஈ கம்பி மூன்றாவது ஃப்ரெட். "முன்னாடி சத்தமே இல்லையேண்ணா" என்றான். நடந்ததைச் சொன்னேன், நான் பார்த்தும் விட்டதையும் சேர்த்து. அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சரிண்ணா, இன்னொருத்தருக்கு இப்படிக் குடுத்துடாதீங்க" என்றான்.

அதிலிருந்து நான் விற்கும் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு தாள் ஒட்டுகிறேன். என்ன மாற்றினேன், என்ன மாற்றவில்லை, எர்த் எத்தனை ஓம் காட்டியது, எந்தத் தேதி. இதனால் சில பேர் வாங்காமல் போகிறார்கள். விலையும் கொஞ்சம் குறையத்தான் செய்கிறது.

நீங்கள் வாங்கப் போகும்போது விற்பவரிடம் "ஹம் அடிக்குமா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். பிளக்கைக் கையில் எடுத்து மூன்று பின் இருக்கிறதா என்று எண்ணுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஆம்ப் இருந்தால், இந்தப் பதிவை மூடிவிட்டு அதை முதலில் போய்ப் பாருங்கள்.