துணைக்கு வந்த பேக்கேஜ்கள்

டீயைக் குடி தம்பி, பொறுமையாகச் சொல்கிறேன். வட்டு நிறைந்துவிட்டது என்று உன் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப்பைப் பழைய இரும்புக்குப் போட அவசரப்படாதே. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். சென்னை சி-டாக் உருவாக்கியது அது, அடிப்படை டெபியன். அதனால் மென்பொருளைப் போடவும் எடுக்கவும் டெபியனிலும் உபுண்டுவிலும் ஓடும் ஆப்ட் கட்டளைகளே இதிலும் ஓடும். நிர்வாகி அனுமதிக்காக முன்னால் 'சூடோ' சேர்த்துக்கொள்.

வட்டில் இடம் எப்படிப் போகிறது என்று பார். நீ ஒரு வீடியோ எடிட்டர் கேட்டாய். அதற்கு வேண்டிய லைப்ரரிகளையும் ஆப்ட் தானே இறக்கிக்கொண்டது. பிறகு 'ஆப்ட் ரிமூவ்' கொடுத்தாய். எடிட்டர் போனது, துணைக்கு வந்தவை தங்கிவிட்டன. ஆனால் எது நீ கேட்டு வந்தது, எது துணைக்கு வந்தது என்று ஆப்ட் குறித்து வைத்திருக்கிறது. 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' கொடுத்தால், துணைக்கு வந்தவற்றில் இப்போது எதற்கும் தேவைப்படாதவற்றைப் பட்டியல் போட்டு, எடுக்கட்டுமா என்று கேட்கும். பழைய கெர்னல்களும் பெரும்பாலும் இதில் வரும். இடத்தை அதிகம் அடைப்பவை அவைதான்.

'ரிமூவ்' செட்டிங் கோப்புகளை விட்டுவைக்கும். காரியாபட்டிப் பக்கம் சீமைக்கருவேலத்தைத் தூரை விட்டு வெட்டினால் மழைக்குத் துளிர்த்துவிடுமல்லவா? அதே மென்பொருளை மறுபடி போட்டால் பழைய செட்டிங்கும், அதிலிருந்த கோளாறும் திரும்பி வரும். தூரோடு எடுக்க 'ஆப்ட் பர்ஜ்'. அதுவும் உன் ஹோம் ஃபோல்டரில் உள்ளதைத் தொடாது. அதை நீதான் பார்த்து அழிக்கவேண்டும். இறக்கி வைத்த பேக்கேஜ் கோப்புகளை 'ஆப்ட் கிளீன்' துடைத்துவிடும். அதில் பயம் இல்லை.

பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான்: பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' தட்டுவது. டெஸ்க்டாப் முழுவதையும் ஒரே பெயரில் கட்டிவைக்கும் மெட்டா பேக்கேஜ்கள் உண்டு. வேண்டாத கேம் ஒன்றை எடுக்கும்போது அந்த மெட்டா பேக்கேஜும் சேர்ந்து போனால், சில பதிப்புகளில் டெஸ்க்டாப்பின் பாகங்களே தேவையற்றவை என்று பட்டியலில் ஏறிவிடும். வைத்துக்கொள்ள வேண்டியதன் பெயரை 'ஆப்ட்-மார்க் மேனுவல்' கட்டளையோடு கொடு. நீயே கேட்டு வாங்கியதாகக் குறித்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால், எடுக்கும் கட்டளையோடு 'மைனஸ் எஸ்' சேர்த்துப் பார். எதையும் எடுக்காமல், எடுத்தால் என்னென்ன போகும் என்று மட்டும் காட்டும். மீறி ஏதாவது போய்விட்டாலும், லாக் ஃபோல்டரில் உள்ள ஆப்ட் ஹிஸ்டரி கோப்பில் தேதியோடு பெயர்கள் இருக்கும். அதைப் பார்த்துத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.