மலையை மலையே தாங்கட்டும்

1907-இல் சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் வெளிச்சுவர்ப் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. அதற்கு வழி கண்டவர் கட்டடப் பொறியாளர் அல்ல. யானைகளைப் பாடம் செய்து காட்சிக்கு நிறுத்திய கார்ல் ஏக்லி. உலர்ந்த மணலையும் சிமென்டையும் காற்றழுத்தத்தால் குழாய்க்குள் தள்ளி, முனையில் தண்ணீர் சேர்த்துச் சுவரில் பீய்ச்சினார். 1911-இல் காப்புரிமையும் பெற்றார். இன்று 'ஷாட்கிரீட்' என்று சுரங்க வேலைக்காரர்கள் சொல்வது இதன் வாரிசைத்தான்.

மலைக்குள் சுரங்கத்தை வெடிவைத்துக் குடைந்ததும், அதுவரை அங்கிருந்த பாறை சுமந்த பாரம் சுற்றியுள்ள பாறைக்கு மாறுகிறது. அந்தப் பாறை கலகலத்துப் போகாமல் பார்த்துக்கொண்டால், துளையைச் சுற்றி அதுவே வளையமாக நின்று பாரத்தைச் சுமந்துவிடும். பழைய முறையில் மரத்தையோ இரும்பு வளைவையோ முட்டுக்கொடுப்பார்கள். ஆனால் முட்டுக்கும் பாறைக்கும் நடுவே இடைவெளி இருக்கும். கற்கள் அதற்குள் சரியத் தொடங்கியபின்தான் முட்டுக்கு வேலையே வரும். பீய்ச்சிய கான்கிரீட் இடைவெளி விடாது. விரிசலுக்குள் புகுந்து, முதலில் விழவிருந்த கல்லையே பூட்டிவிடும். பல இடங்களில் 5 முதல் 30 சென்டிமீட்டர் கனமே போதும். இத்தனை மெல்லிய தோல் மலையைத் தாங்குகிறது என்று நினைப்பது தவறு. மலை தன்னைத் தாங்கிக்கொள்ள அது உதவுகிறது, அவ்வளவுதான். ரப்செவிச், முல்லர், பாஹர் என்ற மூன்று பொறியாளர்கள் இந்த எண்ணத்தை வளர்த்தெடுத்தார்கள். அது 1962-இல் 'புதிய ஆஸ்திரிய முறை' என்று பெயர் பெற்றது.

கலவையை வேகம்தான் ஒட்டவைக்கிறது, சுவரில் வறட்டி தட்டுவதைப் போல. குழாய்முனையைப் பாறைக்கு நேர்செங்குத்தாக, ஒன்றிரண்டு மீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும். சாய்த்தால் கலவை தெறித்துக் கீழே கொட்டும். முன்கூட்டியே தண்ணீர் கலந்த ஈரக்கலவையில் சேதாரம் குறைவு; உலர்கலவையில் கால்வாசிகூட வீணாகலாம். தரையோரம் தொடங்கி மேலே போவதுதான் முறை. மேலிருந்து ஆரம்பித்தால், தெறித்து விழுந்த குப்பையின் மீதே கீழ்ச்சுவரைப் பூச வேண்டிவரும். கூரையில் அடித்தது வழியாதிருக்க, முனையிலேயே விரைந்து இறுகவைக்கும் ரசாயனம் சேர்கிறது. விரிசல் விடாதிருக்கக் கம்பி வலையோ, கலவையிலேயே கலந்த எஃகு இழைகளோ துணை.

இதற்கு ஒத்துவராதது ஓடும் தண்ணீர். ஊற்று கசியும் பாறையில் எத்தனை அடித்தாலும் உரிந்துவிடும். முதலில் குழாய் பதித்து நீரை வடிக்க வேண்டும். ரோத்தாங்கில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை ஆஸ்திரிய முறையில் குடையப்பட்டது. அங்கே சேரி நாலா ஓடையை ஒட்டி, நொறுங்கிய பாறையும் நீரும் கலந்திருந்த 587 மீட்டர்தான் பொறியாளர்களை மிகவும் வாட்டியது.

ரோபோக் கைகள் வந்தபின் குழாயைத் தோளில் சுமப்பது குறைந்திருக்கிறது. ஆனால் தொலைவிலிருந்து அந்தக் கையை இயக்குபவர் கைதேர்ந்தவராக இல்லாவிட்டால் உள்ளே பொள்ளல் விழும். அது வெளியே தெரியாது. புதிதாக அடித்த கூரை சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கிலோ தாங்கும்வரை அதன் அடியில் யாரும் போகக்கூடாது என்பது பல சுரங்கங்களில் விதி.