மாட்டுக்கு யார் ஊசி போடலாம்? சட்டம் என்ன சொல்லுது?

போடிநாயக்கனூர்னாலே ஏலக்காய் ஏலம்தான் ஞாபகம் வரும். ஆனா அதே மலைச்சரிவுல மாடும் ஆடும் வெச்சுப் பிழைக்கிற குடும்பங்களும் நிறைய. அவங்களுக்குத் தேவையான ஒரு கேள்விதான் இந்த எபிசோடு: மாட்டுக்கு முடியலைன்னா வைத்தியம் பார்க்க யாருக்கு உரிமை இருக்கு?

சிரிஞ்சோட வர்ற எல்லாரையும் நாம ‘டாக்டர்’னுதான் கூப்பிடுறோம். சினை ஊசி போட வர்றவர், கிளை நிலையத்துல இருக்கிற கால்நடை ஆய்வாளர், மருந்தகத்துல இருக்கிற கால்நடை உதவி மருத்துவர். சட்டப்படி இந்த மூணு பேரோட அதிகாரமும் வேற வேற.

இதை முடிவு செய்வது 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம். கால்நடை மருத்துவம் மாநிலப் பட்டியலில் வரும் விஷயம். அதனால் நாடாளுமன்றம் தானாக இதில் கை வைக்க முடியாது. ஹரியானா, பீகார், ஒரிசா, இமாச்சலப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய 5 மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்ட பிறகே இந்தச் சட்டம் வந்தது. தமிழ்நாடு பிறகு ஏற்றுக்கொண்டது. இங்கே மருத்துவர்களின் பதிவேட்டை வைத்திருப்பது தமிழ்நாடு மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சில்.

முக்கியமானது 30-வது பிரிவு. கால்நடை மருத்துவப் பட்டம் வாங்கி, கவுன்சிலில் பதிவும் செய்தவர் மட்டுமே வைத்தியம் பார்க்கலாம். பட்டம் மட்டும் போதாது, பதிவு எண் வேணும்.

அப்போ கால்நடை ஆய்வாளர்? அவருக்கும் அதே பிரிவு ஒரு வழி வெச்சிருக்கு. உரிய பயிற்சிச் சான்றிதழ் உள்ளவருக்கு, மாநில அரசு ஆணை போட்டு, பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சேவைகள் செய்ய அனுமதி தரலாம். தடுப்பூசி, காயடிப்பு, புண்ணுக்குக் கட்டு, இந்த மாதிரி முதலுதவி. கூடுதலா எதைச் சேர்க்கலாம்னு மாநில அரசு அறிவிக்கலாம். எங்க ஐ.டி. பாஷையில சொன்னா, அவருக்கு அட்மின் அக்சஸ் கிடையாது, குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் பெர்மிஷன்.

குரங்கணிக்கு மேல நடந்தோ ஜீப்பிலோ போக வேண்டிய குடியிருப்புகளை நினைச்சுப் பாருங்க. அங்கெல்லாம் டாக்டர் உடனே வந்து நிக்க முடியாது. இந்த ஏற்பாடு தேவைப்படுறதே அதனாலதான். ஆனா கன்னு குறுக்கே மாட்டி, வயித்தைக் கிழிச்சு எடுக்கிற நிலைமைன்னா அது முதலுதவி இல்லை. அங்கே டாக்டர்தான் வரணும்.

அடுத்தது, பணம் சம்பந்தப்பட்ட இடம். சட்டம் கேட்கும் கால்நடைச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் உரிமை பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும்தான். காதுல மஞ்சள் கம்மல் மாட்டி இன்சூரன்ஸ் போட்ட மாடு செத்துட்டா, டாக்டரோட பிரேதப் பரிசோதனைச் சான்று இல்லாம க்ளெய்ம் நகராது. போடிமெட்டு தாண்டி இடுக்கிக்கு லாரில மாடு ஏத்தணும்னாலும், 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிப்படி, பயணத்துக்குத் தகுதின்னு மருத்துவர் சான்று வேணும். நல்லா ஊசி போடத் தெரிஞ்சவர் எத்தனை வருஷ அனுபவம் வெச்சிருந்தாலும் இந்தக் கையெழுத்தைப் போட முடியாது.

மருந்து விஷயத்துக்கும் இது பொருந்தும். வலிக்கு மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளை, அதாவது பாறு கழுகுகளை, சிறுநீரகம் கெட்டுச் சாக வைத்தது. 2006-ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். அப்புறமும் மனுஷங்களுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டதால, 2015-ல் ஊசி மருந்தை 3 மில்லிக்கு மேல் அடைக்கக் கூடாதுன்னு ஆணை வந்தது. 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ரெண்டையும் கால்நடைக்குத் தடை செஞ்சாங்க. மருந்துக்கடையில கேட்டு வாங்கி நாமளே ஊசி போட்டா, இந்தப் பட்டியலை யார் பார்ப்பா?

அதனால மூணு பழக்கம் வெச்சுக்கோங்க. புதுசா ஒருத்தர் வைத்தியத்துக்கு வந்தா, மரியாதையாப் பதிவு எண் கேளுங்க; உண்மையான டாக்டர் கோவிச்சுக்க மாட்டார். என்ன மருந்து, எத்தனை நாளைக்குப் பாலை ஊத்தக் கூடாதுன்னு சீட்டுல எழுதி வாங்குங்க. அவசரம்னா 1962-க்கு போன் போடுங்க, அது நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான இலவச எண். மேல சிக்னல் கிடைக்காத தொழுவா இருந்தா, சிக்னல் வர்ற இடத்துக்கு யார் ஓடணும்னு இப்பவே பேசி வெச்சுக்கோங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.