சளிக்கு எதுக்கு ஆன்டிபயாடிக்?

ஐப்பசி மழை இறங்கினால் ராமநாதபுரம் மாவட்டத்து மானாவாரி நெல் பச்சை பிடிக்கும். கீழக்கரை கல்லூரி விடுதிகளில் தும்மலும் கிளம்பிவிடும். அங்கே படிக்கிறது நம்ம உழவர் வீட்டுப் பிள்ளைகளும்தான். "மூக்கு ஒழுகுது, தொண்டை கரகரங்குது. மருந்துக்கடையில ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கவா?" என்று போன் வந்தால் என்ன சொல்லணும்?

வேண்டாம்னு சொல்லணும். சாதாரண சளிக்குக் காரணம் வைரஸ். ஆன்டிபயாடிக் கொல்வது பாக்டீரியாவை. சத்துக் குறைவால் மஞ்சளான பயிருக்குப் பூச்சிமருந்து அடிக்கிற கதைதான் இது. குறை தீராது, குடலில் இருக்கிற நல்ல நுண்ணுயிர்கள் சாகும், தப்பிப் பிழைத்த பாக்டீரியா அந்த மருந்துக்கு அசையாததாகிவிடும். பிறகு நிஜமாகவே நிமோனியா வந்தால் மருந்து கேட்காமல் போகலாம். பூச்சிமருந்து விஷயத்தில் வயலில் இதை நாம பார்த்தாச்சு.

சளி பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானாகவே போகும். இருமல் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இழுக்கலாம். அதுவரை உடம்புக்கு ஆறுதல் தருவதுதான் நம்ம வேலை.

தொண்டைக்கு: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை தேக்கரண்டி உப்பு கலந்து, நாளுக்கு மூன்று நான்கு தடவை கொப்பளிக்கலாம். இருமலுக்கு ஒரு கரண்டி தேன் இதம் தரும்.

குடிக்க: சுக்கு, மல்லி விதை, கொஞ்சம் மிளகு மூன்றையும் பொடித்துப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்க. விடுதியில் அடுப்பு இல்லையா? கொதிநீரில் ஒரு கரண்டி பொடி போட்டு ஐந்து நிமிடம் மூடி வைத்து, வடிகட்டி, கருப்பட்டி சேர்த்தால் போதும். கருப்பட்டியைப் பனையேறிகளிடமே வாங்கினால் சீனி கலப்படத்துக்குத் தப்பிக்கலாம்.

மூக்கடைப்புக்கு: பூச்சிவிரட்டிக்குப் பறிக்கிற அதே நொச்சியில் ஒரு கைப்பிடி போட்டு ஆவி பிடிக்கலாம். கொஞ்ச நேரம் மூச்சு லேசாகும். சளி சீக்கிரம் போய்விடாது. சட்டியை மடியில் வைக்காமல் மேசையில் வையுங்க. கவிழ்ந்தால் வெந்துவிடும்.

காய்ச்சல், உடம்புவலி இருந்தால் பாராசிட்டமால் போடலாம். ஆனால் சளி மாத்திரைகள் பலவற்றில் அது ஏற்கெனவே இருக்கும். அட்டையைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஈரலுக்குக் கேடு. மழைக்காலம் டெங்குக் காலமும்கூட. அதனால் டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின், இபுபுரூபன் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, தொடர் வாந்தி, கடும் வயிற்றுவலி, ரத்தக்கசிவு எது வந்தாலும் கஷாயத்தோடு காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி போகணும்.

வாசலில் ஒரு தொட்டியில் கற்பூரவள்ளிக் குச்சி ஒன்றை ஊன்றி வையுங்க. தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கிட்டா தானா வளரும். பச்சையாக மென்று தின்கிற இலை. அதில் மட்டும் எந்த ரசாயனமும் படவே கூடாது.