திறந்த கதவும் ஒரு கயிறும்

1966. ஜப்பானில் ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ என்ற ஜேம்ஸ் பாண்ட் படப்பிடிப்பு. ஹெலிகாப்டருக்கு வெளியே காலைத் தொங்கவிட்டபடி கேமராவோடு உட்கார்ந்திருந்தார் ஜான் ஜோர்டன். காற்று தூக்கியதில் இன்னொரு ஹெலிகாப்டர் கிட்டே வந்துவிட, அதன் விசிறி அவர் காலில் வெட்டியது. பிறகு பாதத்தையே எடுக்கவேண்டி வந்தது. அப்போதும் அவர் தொழிலை விடவில்லை. அடுத்த பாண்ட் படத்துக்கு, ஹெலிகாப்டரின் அடியில் தொங்கியபடி சுவிஸ் மலைகளைப் படம்பிடித்தார். 1969இல் ‘கேட்ச்-22’ படப்பிடிப்பின்போது விமானத்திலிருந்து விழுந்து இறந்தார். பாதுகாப்புக் கயிறு கட்டிக்கொள்ள மறுத்திருந்தார்.

அசட்டுத் துணிச்சல் என்று அதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அன்று கேமரா எங்கேயோ, ஆளும் அங்கேதான். காட்சி நன்றாக அமைய வேண்டுமென்றால் தாழப் பறக்க வேண்டும், மெதுவாகவும் பறக்க வேண்டும். ஹெலிகாப்டருக்கு ஆகாதது அதுதான். எஞ்சின் நின்றுபோனாலும், கீழிருந்து மோதும் காற்றில் விசிறி சுழன்றுகொண்டிருக்கும். அந்தச் சுழற்சியை வைத்தே விமானி தரையிறக்கிவிடலாம். அதற்கு உயரமாவது வேகமாவது கைவசம் இருக்க வேண்டும். படமெடுக்கப் பறந்தவர்களிடம் பல நேரம் இரண்டுமே இருந்ததில்லை.

இன்று கேமரா ஹெலிகாப்டரின் வெளியே ஓர் உருண்டைக்குள் ஆடாமல் நிற்கிறது. ஒளிப்பதிவாளர் உள்ளே பெல்ட் போட்டுக்கொண்டு, திரையைப் பார்த்தபடி அதைத் திருப்புகிறார். தூரத்தைக் கிட்டே கொண்டுவரும் லென்ஸ் இருப்பதால் தாழப் பறக்கும் தேவையும் குறைந்துவிட்டது. 2014 செப்டம்பரில் அமெரிக்கா 6 படப்பிடிப்பு நிறுவனங்களுக்கு ட்ரோன் அனுமதி தந்தது. அதில் ஆளே ஏறவேண்டாம்.

ஆனாலும் அந்தத் திறந்த கதவு காலியாகவில்லை. ஒளிப்பதிவாளர் எழுந்த இடத்தில், படமெடுக்கும் ஆசையோடு சுற்றுலாப் பயணி வந்து உட்கார்ந்தார். 2018 மார்ச் 11, நியூயார்க். கதவில்லாத ஹெலிகாப்டரில் 5 பயணிகள். விழாமலிருக்க எல்லோருக்கும் கயிறு கட்டியிருந்தது. முன்னிருக்கைக்காரரின் கயிறு எரிபொருளை நிறுத்தும் கைப்பிடியில் மாட்டி இழுக்க, எஞ்சின் நின்றது. ஈஸ்ட் ஆற்றில் இறங்கிய ஹெலிகாப்டர் கவிழ்ந்தது. விமானி தப்பினார். முதுகுப்புறம் கொக்கி மாட்டியிருந்த பயணிகள் ஒருவர்கூட வெளியே வர முடியவில்லை. ஐவரும் மூழ்கி இறந்தார்கள்.

பயணி தானே சட்டென்று கழற்ற முடியாத கயிற்றோடு கதவைத் திறந்துவைத்துப் பறக்கக் கூடாது என்று அந்த மாதமே அரசு உத்தரவிட்டது. அதுவரை, கயிற்றை அறுத்துக்கொள்ள ஒரு சின்னக் கத்தியைக் கொடுத்ததே போதுமென்று சுற்றுலா நடத்தியவர்கள் இருந்துவிட்டார்கள். குளிர்ந்த ஆற்றுக்குள் தலைகீழாகத் தொங்கியவர்கள் அந்தக் கத்தியைத் தேடியிருப்பார்களே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.