லாரி ஓட்டுநர் வேலையும் ஹலாலான சம்பாத்தியமும்

படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளை, "வடநாட்டு லாரிக்குப் போகிறேன்" என்று கூறும்பொழுது பெற்றோர் இருவகையில் கலங்குகின்றனர். விபத்தைப் பற்றிய அச்சம் ஒன்று. தொழுகையும் ஒழுக்கமும் கெட்டுவிடுமோ என்பது மற்றொன்று. மதுரை வில்லாபுரத்துக் குடும்பங்களுக்கு இது தூரத்துச் செய்தியன்று. அவனியாபுரம் வழியே சுற்றுச்சாலையை அடைந்து கப்பலூர் சென்றால், ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வந்துவிடுகிறது.

தொழிலில் இழிவு எதுவுமில்லை. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கைச் சிரியாவுக்குக் கொண்டு சென்றவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். குறைஷியரின் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் திருமறையே குறிப்பிடுகிறது. 'டிரைவர் மாப்பிள்ளையா?' என்று முகம் சுளிப்போர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

தொழுகைக்கும் மார்க்கம் வழி வைத்திருக்கிறது. பயணி நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். ஷாஃபிஈ மத்ஹபினர் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்தும் தொழலாம். ஹனஃபியினர் அவ்வாறு சேர்ப்பதில்லை. ரமளானில் விடுபட்ட நோன்பைப் பின்னர் நோற்றுக்கொள்ளலாம். ஆகவே, 'வண்டியில் தொழ முடியாது' என்பது சரியான காரணமாகாது.

உண்மையான சோதனை உறக்கத்தில்தான் இருக்கிறது. இந்தியச் சாலைகளில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 உயிர்கள் பலியாயின. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரமும் வாரத்திற்கு 48 மணி நேரமுமே வேலை என்று 1961ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. நெடுந்தூரத் தடங்களுக்கு 10 மணி நேரம் வரை இடமளித்தது. ஆனால் ஐந்து தொழிலாளருக்குக் குறைந்த நிறுவனங்களை அச்சட்டம் தானாகத் தொடவில்லை. ஒற்றை லாரி முதலாளியிடம் வேலை பார்த்தவருக்கு அதனால் என்ன பயன்? நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும் இடத்தில் முதலில் குறைக்கப்படுவது ஓட்டுநரின் தூக்கமே.

உடலுக்கும் கண்ணுக்கும் உரிமை உண்டு என்று போதித்த நபிகளார், தொழுகையிலேயே உறக்கம் மேலிடுமாயின் உறங்கி எழுந்து தொழுமாறு பணித்தார்கள். அவ்வாறிருக்க, பாரம் ஏற்றிய லாரியைத் தூக்கக் கண்களோடு ஓட்ட எவருக்கு அனுமதி? தவறுதலாக ஓர் உயிர் போனாலும் நஷ்டஈடும் பரிகாரமும் உண்டென்று அந்நிஸா அத்தியாயம் விதிக்கிறது. காவல் நிலைய வழக்கோடு முடிந்துவிடும் விஷயமல்ல இது.

குடும்பத்தையும் பாருங்கள். மதுரையிலிருந்து டெல்லி 2,500 கிலோமீட்டருக்கும் மேல். இறக்கிய பின் திரும்பும் லோடுக்காகக் காத்திருக்கும் நாள்கள் வேறு. பயணம் உணவையும் உறக்கத்தையும் பறிக்கும் வேதனை என்றும், காரியம் முடிந்ததும் வீட்டாரிடம் விரைந்து திரும்புக என்றும் நபிமொழி உண்டு. மணமாகாத வாலிபன் சில ஆண்டுகள் இவ்வேலையில் இருந்து பொருள் சேர்ப்பதில் குறையில்லை. கைக்குழந்தையின் தந்தைக்கோ, இரவில் வீடு திரும்பும் உள்ளூர்த் தடமே மேல் என்பது எம் கருத்து. கூலி குறைந்தாலும் சரியே.

அவசரமும் வேண்டியதில்லை. சரக்கு வாகனம் ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். இலகுரக உரிமம் பெற்று ஓராண்டேனும் ஆகியிருக்க வேண்டும். அதுவரை கிளீனராகச் சென்று வரட்டும். இத்தொழில் அவனுக்கு ஒத்துவருமா என்பது நான்கைந்து நடைகளில் புலப்பட்டுவிடும். சொந்த லாரி வாங்கும் ஆசையில் வட்டிக் கடனில் சிக்குவது வேறு பெரிய விஷயம். அதனை மார்க்க அறிஞரிடம் கேட்டுத் தெளிக.

வேலையில் சேருமுன் முதலாளியிடம் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். நெடுந்தூர நடைக்கு இரண்டாவது ஓட்டுநர் உண்டா? பேட்டா எவ்வளவு, யார் கையில் தரப்படும்? மதுபானப் பெட்டிகள் ஏற்றப்படுமா? மதுவைச் சுமந்து செல்பவரும் நபிகளாரின் சாபத்துக்குரியவர்களில் ஒருவராவார். முன்பணம் வாங்கிய பிறகு, பாதி வழியில் அந்த லோடை மறுப்பது எளிதன்று.